ஏழாவது ஷரத்து

ருக்குமணி காம்ப்ளக்ஸின் மாதக் கூட்டத்துக்கு அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தவர்கள்: ஒன்றாம் நம்பர் டீக்கடை துளசியம்மாள், இரண்டாம் நம்பர் பத்திர எழுத்தர் வரதராசன், மூன்றாம் நம்பர் ஜெராக்ஸ் கடை சென்னியப்பன், மாடியில் நான்காம் நம்பர் ஸ்டூடியோ இம்மானுவேல், ஐந்தாம் நம்பர் ஆன்லைன் சேவை மையம் ஷகிலா பானு. ஆக ஐந்து பேர். தண்ணீர்த் தொட்டியோரம் படுத்திருந்த நாயைச் சென்னியப்பன் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு வாடகை ஒப்பந்தம் கிடையாது. நாற்காலி நான்குதான் இருந்ததால் அவர் தன் கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டூலுக்கு மூன்று கால் சரி, நான்காவது கால் அரை விரல் குட்டை. மடியில் ஒரு பழுப்பு உறை, உறைக்குள் ஐந்து தாள். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் பேசப்போகிறார். பேசவேண்டியது ஒரே வாக்கியம். அதைக் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து, எண்ணியும் வைத்திருந்தார்: ஏழாவது ஷரத்துப்படி நகல் எடுக்கிற வேலை என் கடைக்கு மட்டும்தான், ஷகிலாம்மா அதை நிறுத்திக்கணும். பதினோரு வார்த்தை. மூச்சை ஒருமுறை இழுத்தால் முடித்துவிடலாம்.

"மொதல்ல தண்ணித்தொட்டி" என்றார் வரதராசன். தொட்டி நிறைந்து வழிகிறது, மோட்டாரை யார் நிறுத்துவது என்று பேச்சு ஆரம்பித்தது. சென்னியப்பனுக்கு நல்லதாகப் போயிற்று, தொட்டி முடியும்வரை அவர் பேசவேண்டியதில்லை. 'நிறுத்திக்கணும்' என்பது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதோ என்று பட்டது. நிறுத்திக்கணுமுங்க என்று சொன்னால் மரியாதை வந்துவிடும், வார்த்தை எண்ணிக்கையும் கூடாது. ஆனால் இருபத்தொன்பது வயசுப் பெண்ணிடம் இத்தனை ங்க போட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடாதா? உரிமையைக் கேட்கிறவன் கெஞ்சலாமா? உரிமைதானே இது. இந்தக் கட்டடத்தின் சொந்தக்கார அம்மாள் ருக்குமணி கோயம்புத்தூரில் இருக்கிறார். வாடகைக்கு விடும்போதே ஒரு பழக்கம் ஏற்படுத்தினார்: ஒவ்வொரு கடைக்காரரின் ஒப்பந்தத்திலும் மற்ற நாலு கடைக்காரர்களும் கையெழுத்துப் போடவேண்டும். "எங்கிட்ட ஒருத்தரும் பிராது கொண்டாராதீங்க. நீங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் வாக்குக் குடுத்துக்குங்க, நீங்களே தீத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர்தான். ஆகவே டீ ஒன்றாம் நம்பரில் மட்டும், பத்திரம் எழுதுவது இரண்டில் மட்டும், போட்டோ நாலில் மட்டும், நகல் மூன்றில் மட்டும். இந்த மட்டும்களைச் சென்னியப்பன் அளவுக்குக் காப்பாற்றியவர் யாரும் இல்லை. வாடிக்கைக்காரர் வெயிலில் நின்று தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டால், தன் சொம்பிலிருந்து கொடுப்பதா, அது டீக்கடையின் தொழிலில் சேருமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"நான் நிறுத்துறனுங்க. ஆனா எனக்கு மோட்டார் சத்தம் கேக்காதுங்க, பாட்டுப் போட்டிருப்பனுங்க" என்று இம்மானுவேல் சொல்ல, "அப்பறம் எப்படி நிறுத்துவீங்க, கனவுலயா?" என்றார் துளசியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அது யார் கண்ணிலாவது பட்டிருக்குமோ என்று கவலை வந்தது. ஷகிலா பானு கண்ணில் பட்டிருக்கலாம். அவள் எதையும் கவனிக்கிற பெண். நாலு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளை மெஷினை அட்டைப்பெட்டியோடு இறக்கியபோது "கும்புடறனுங்கய்யா" என்று அவரிடம்தான் முதலில் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார். அப்போதே கேட்டிருக்கலாம், இது நகலும் எடுக்குமா அம்மா என்று. நாலே வார்த்தை. கேட்கவில்லை. மறுநாள் கேட்கலாம் என்றிருந்தார். மறுநாள் அவள் கடையில் கூட்டம். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாளில் பிராது வேண்டாம் என்று விட்டார். அப்புறம் கேட்காமல் இருந்த நாட்களின் எண்ணிக்கையே ஒரு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அதனால் கேட்கவில்லை. கேட்காததால் இன்னும் ஒரு நாள் கூடியது. நூற்றுப் பத்தொன்பது நாள் இப்படியே போயிற்று. இதற்கிடையில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மெஷின் சர்ர்ர் என்று ஒரு முறை மூச்சுவிடும். ஒரு மூச்சு, ஒரு நகல். தன் கடையில் உட்கார்ந்தபடியே நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அவருடைய நாள் கணக்கு நூற்று அறுபத்தைந்திலிருந்து தொண்ணூற்று நாலுக்கு இறங்கியது. குறைந்தது எழுபத்தொன்று. சுவர் வழியாக எண்ணியதும் ஏறக்குறைய எழுபத்தொன்று. கணக்கு இப்படிக் கச்சிதமாகச் சேரும்போது மனசு வலிப்பதற்கு முன்னால் ஒரு சின்னத் திருப்தி வரும். அந்தத் திருப்திக்காக அவர் தன்னையே திட்டிக்கொள்வார்.

தொட்டி முடிந்து கழிவறைச் சாவி ஆரம்பித்தது. ஓசூரில் இருக்கிற மகன் இளங்கோ ஆடி மாதமே தொலைபேசியில் சொல்லிவிட்டான்: "நாளுக்கு நூறு நகல்கூட ஓடலேன்னா அந்தக் கடை எதுக்குப்பா? சாவியக் குடுத்துட்டு இங்க வந்துருங்க. ஃபேனுக்குக் கீழ உக்காந்து டீவி பாருங்க." டீவி பார்ப்பது என்றால் சென்னியப்பனுக்குப் பயம். ஓசூரில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? மூன்று அறை, பதினாறு ஜன்னல் கம்பி, முதல் நாளிலேயே முடிந்துவிடும். "எத்தனை ஓடுது, சொல்லுங்க" என்று மகன் கேட்டான். அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பு எண் அவர் வாயிலிருந்து வந்தது. "நூத்தி அறுவத்தஞ்சு. எப்பவும் போல." சொன்னதும் காது சூடாகியது. தீபாவளிக்கு வந்து நோட்டைப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். நோட்டில் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று ஏழு. நோட்டைத் திருத்துவது என்பதை அவரால் நினைக்கக்கூட முடியவில்லை. ஆக, எண்ணை உயர்த்தத்தான் வேண்டும். எண் உயரவேண்டுமானால் சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின் நிற்கவேண்டும். மெஷின் நிற்கவேண்டுமானால் பதினோரு வார்த்தை.

"சாவிய என்ர கடையில மாட்டுங்க, ஆனா வாங்கிட்டுப் போறவங்க திருப்பிக் கொண்டாரணும். போன மாசம் ஒருத்தர் சாவியோட காங்கயம் போய்ட்டாரு" என்று துளசியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். யார் அந்த ஒருத்தர் என்று எல்லாரும் இம்மானுவேலைப் பார்த்தார்கள். சென்னியப்பன் மடியில் இருந்த உறையைப் பார்த்தார். அந்த உறையைப் பற்றி அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இங்கே ஒரு முறை உண்டு: பிராது சொல்கிறவர் முதலில் ஒவ்வொருவர் கையிலும் ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்கவேண்டும், தனக்கும் ஒன்று வைத்துக்கொள்ளவேண்டும், பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஆக ஐந்து நகல். நகலெடுக்கிறவனுக்கு நகலுக்கா பஞ்சம் என்று காலையில் நிம்மதியாக இருந்தார். பதினோரு மணிக்கு அவருடைய மெஷின் ஒரு முறை முனகி, எரிந்த ரப்பர் வாசனை விட்டு நின்றுபோனது. சர்வீஸ்காரர் நாளைக்குத்தான் திருப்பூரிலிருந்து வருவார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால் வேறு கடை உண்டு, போக வர ஆயிரத்து நானூறு அடி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டார். இருபதாவது அடியில், வாழ்க்கையில் எப்போதாவது வரும் அந்த மாதிரி ஒரு யோசனை வந்தது. ஷகிலா பானுவின் கடையிலேயே எடுத்தால் என்ன? நகலுக்கு நகலும் ஆயிற்று, அவள் நகல் எடுக்கிறாள் என்பதற்குச் சாட்சிக்குச் சாட்சியும் ஆயிற்று. தாளே பேசும்! கூட்டத்தில் யாராவது ஆதாரம் கேட்டால், உங்க கையில இருக்கறதே ஆதாரமுங்க என்று சொல்லலாம். பதினோரு வார்த்தைக்கு மேல் போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு வாக்கியத்துக்காகப் போகலாம். சென்னியப்பன் திரும்பி நடந்தார். ஐந்தாம் நம்பர் கடைப் படியில் ஏறும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். திருடப் போகிறவனுக்கும் திருடனைப் பிடிக்கப் போகிறவனுக்கும் அந்தப் பார்வை ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. "வாங்கய்யா, உக்காருங்க. உங்க மெசினு என்னாச்சுங்க?" என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "அஞ்சு நகல்" என்றார். மேசைமேல் ஒப்பந்தத்தை வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தார். அவள் எடுத்தாள். சூடாக இருந்த தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். கறுப்பு ஓரம் இல்லை, சாயவில்லை, எழுத்து ஒவ்வொன்றும் அரிசி மாதிரி தனித்தனியாக நின்றது. முப்பத்தோரு வருஷத்தில் அவர் மெஷின் ஒரு நாளும் இப்படி எடுத்ததில்லை. பொறாமையோடு உறையில் போட்டு மூடினார், மேலும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"வேற ஏதாவது உண்டுங்களா?" என்றார் வரதராசன். சென்னியப்பன் மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு உள்ளே போன நேரத்தில் துளசியம்மாள், "ஆமா, வண்டிய யாரு என்ர கடை முன்னால நிறுத்தறது?" என்று ஆரம்பித்துவிட்டார். மூச்சு வீணாகியது. இரண்டாவது தடவை "வேற?" என்றபோது நாய் கொட்டாவி விட்டது, அதைப் பார்த்ததில் அந்த இடைவெளி போயிற்று. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தி ஏழாம் வாய்பாடு சொல்லச் சொன்னபோதும் இப்படித்தான். வாய்பாடு பதினாறு வரைக்கும் தெரியும். ஆனால் நாற்பத்திரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், எண்பத்து நாலு கண். மணியடிக்கும் வரைக்கும் நின்றார். அத்தோடு பள்ளிக்கூடமும் நின்றது. இன்றைக்கு எட்டுக் கண்தான், அதிலும் இம்மானுவேல் தன் போனைப் பார்க்கிறார், ஆகவே ஆறு. ஆறு கண்ணுக்குப் பயப்படலாமா? "அவ்வளவுதானுங்களே, அப்பக் கலைஞ்சுக்கலாமா?" என்று வரதராசன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்போது சென்னியப்பனுடைய கை தானாக எழுந்தது. கை எழுந்துவிட்டதே என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. வாய் வரவில்லை. கை மட்டும் உறையைப் பிரித்து, துளசியம்மாளுக்கு ஒன்று, வரதராசனுக்கு ஒன்று, இம்மானுவேலுக்கு ஒன்று, ஷகிலா பானுவுக்கு ஒன்று என்று கொடுத்தது. "பிராதுங்களா? நீங்களா?" என்று வரதராசன் மறுபடி உட்கார்ந்தார். துளசியம்மாள், "அட, சென்னியப்பண்ணன் பேசப்போறாரு, எல்லாரும் சும்மா இருங்க" என்றார். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. போனும் கீழே இறங்கியது. எட்டுக் கண்.

"ஏழாவது…" என்றார் சென்னியப்பன். முதல் வார்த்தை நன்றாகவே வந்தது. இரண்டாவது வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது இம்மானுவேல் தாளைத் திருப்பி, "பின்னாடியும் இருக்குதுங்க" என்றார். பின்னாடியா? சென்னியப்பன் தன் தாளைத் திருப்பினார். அங்கேயும் எழுத்து. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம். அவர் முதல் பக்கத்தைத்தான் மேலாக வைத்தார், முதல் பக்கத்தை நினைத்துத்தான் அஞ்சு என்றார். அவருடைய மெஷினில் ஒரு பக்கம் போட்டால் ஒரு பக்கம்தான் வரும். "ரெண்டு பக்கமும் இருந்துச்சுங்கய்யா, தாள் மிச்சமாகுமேன்னு முன்னும் பின்னுமாப் போட்டுக் குடுத்தனுங்க" என்றாள் ஷகிலா பானு. வரதராசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. "பதினோராவது ஷரத்து. பிற கடைக்காரர் செய்யும் விலக்கப்பட்ட தொழிலைத் தெரிந்தே தானும் பயன்படுத்திக்கொண்ட வாடகைதாரர், அது குறித்துப் பிராது சொல்லும் உரிமையை இழந்தவராவார்." படித்துவிட்டு, "நாந்தான் எழுதுனேன். மறந்தே போச்சு" என்று ரசித்துக்கொண்டார். அப்புறம் தாளை மூக்கருகே கொண்டுபோனார். "இது உங்க மெசின்ல எடுத்தது இல்லீங்களே, ஓரம் கறுக்கலையே. எங்க எடுத்தீங்க?"

எங்கே எடுத்தது. அந்தக் கேள்விக்காகத்தானே அவ்வளவு ஆசையாக ஒரு வாக்கியம் வைத்திருந்தார். உங்க கையில இருக்கறதே ஆதாரமுங்க. இப்போது சொன்னால் அது அவருக்கு எதிரான ஆதாரம். சென்னியப்பனுக்கு மாடிப்படி மெதுவாகக் கீழே இறங்கி வருவது போலிருந்தது. முப்பத்தோரு வருஷமாக ஊராரின் பத்திரங்களை நகலெடுத்திருக்கிறார். கிரயம் ஆறு பக்கம், பாகப்பிரிவினை பதினாலு, உயில் மூன்று. ஒன்றையும் படித்ததில்லை. அடுத்தவர் பத்திரத்தைப் படிக்கக் கூடாது என்பது தொழில் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் முற்றிப்போய்த் தன் பத்திரத்தையும் படிக்கவில்லை. வரதராசன் பதினொரு வருஷத்துக்கு முன் ஏழாவது ஷரத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "இதுதானுங்க உங்களுக்கு முக்கியம்" என்று காட்டினார். அந்தக் கோட்டோடு நின்றுவிட்டார். இந்தப் பெண் தெரிந்தே இரண்டு பக்கமும் போட்டாளா? முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் போட்டிருந்தால் நல்ல பெண். தெரிந்து போட்டிருந்தால் கெட்டிக்காரப் பெண். இரண்டில் எதுவாக இருந்தாலும் நகல் நல்ல நகல். பொய் சொல்லலாமா, பஸ் ஸ்டாண்டில் எடுத்தேன் என்று? ஏற்கனவே ஒரு பொய் ஓசூரில் இருக்கிறது. இரண்டு பொய்யைக் கணக்கு வைத்துக்கொள்ள அவரால் முடியாது. "இந்தம்மா கடையிலதானுங்க" என்றார். துளசியம்மாள் டீ கொண்டுவந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏனுங்ண்ணா, திருட்டுப் பிராது குடுக்கப் போறவரு திருடன் வண்டியிலயே போலீஸ் டேசனுக்குப் போனீங்களா?"

"உங்களுக்கு உரிமை போச்சுங்க" என்றார் வரதராசன், வருத்தமாகவே. "இனி வேற யாராவது பிராது சொன்னாத்தான்." யாரும் சொல்லவில்லை. துளசியம்மாள் தரையைப் பார்த்தார். இம்மானுவேல் மேலே பார்த்தார். வரதராசன் காதிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி காதில் வைத்தார். அந்த அமைதி சென்னியப்பனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், ஒத்திகை பார்க்காத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து சத்தமாக வந்தது. "எத்தனை?" மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். "நீங்க எத்தனை எடுத்தீங்க, அங்க?" சட்டைப்பையிலிருந்து பென்சில் வந்துவிட்டது. துளசியம்மாள், "பேத்திக்கு சர்ட்டிபிகேட்டுண்ணா, ஒரு ஆறு" என்றார். இம்மானுவேல் பதினொன்று. வரதராசன் தொண்டையைச் செருமி, "அவசரத்துக்கு, ஒரு பாகப்பிரிவினை. மூணு காப்பி. உங்க மெசின்ல ஓரம் கறுக்குதுங்களே" என்றார். "பாகப்பிரிவினை பதினாலு, மூணு காப்பி நாப்பத்திரண்டு" என்று சென்னியப்பன் எழுதினார். ஆக ஐம்பத்தொன்பது. எழுதி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுபத்தொன்று போனது போனதுதான். ஓசூர். பதினாறு கம்பி.

"நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் ஷகிலா பானு. "எனக்கு இந்த ஷரத்தே தெரியாதுங்க. கையெழுத்துப் போடச் சொன்ன எடத்துல எல்லாம் போட்டேன். இந்த ஜெராக்ஸ் எனக்கு ரோதனைங்கய்யா. ஒரு ஆள் அப்ளிகேசனுக்கு உக்காந்திருப்பாரு, பின்னாடி பத்துப் பேர் ஜெராக்ஸுக்கு நிப்பாங்க, எனக்கு மெயின் வேலையே ஓடாது. பக்கத்துலயே பெரியவர் கடை இருக்குதுன்னு சொல்லி அனுப்பலாம்னா, நீங்க என்னைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. என்னமோ கோவம்னு நெனச்சு அனுப்பவும் பயந்துட்டனுங்க. மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா முடிஞ்சுதுங்களே." சென்னியப்பன் அவளைப் பார்த்தார். நூற்றுப் பத்தொன்பது நாள். தினம் எழுபத்தொன்று. பெருக்கல் தானாக நடந்தது, எட்டாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது நகல், ஒரு வார்த்தைக்கு. "எல்லாத்தையும் உங்ககிட்டயே அனுப்பிடறனுங்க. அப்ளிகேசனோட வர்ற ஒண்ணு ரெண்டு மட்டும் நானே எடுத்துக்கறேன்" என்றாள். தப்பித்தோம் என்று மற்ற மூவரும் எழுந்தேவிட்டார்கள். சென்னியப்பன் எழவில்லை. ஒண்ணு ரெண்டு என்பது ஒரு எண்ணா? ஒன்றா, இரண்டா? அவளாகப் பார்த்து அனுப்புவது தயவு. தயவு மழை மாதிரி, நோட்டில் எழுத முடியாது. அவருக்கு வேண்டியது ஷரத்து. "ஒரு நாளைக்குப் பத்து" என்றார், கூட்டம் முழுதுக்கும் கேட்கும்படியாக. "பத்துப் போதாதுங்கய்யா, ஒரு அப்ளிகேசனுக்கே நாலு ஆகுது. முப்பது." "பன்னெண்டு." "இருவத்தஞ்சு." சென்னியப்பனுக்குத் தான் பேசிக்கொண்டிருப்பதே மறந்துபோயிருந்தது. "பதினேழு." "இருபதுங்கய்யா, அதுக்குக் கீழ என்னால ஆகாது." எழுபத்தொன்றில் இருபது போனால் ஐம்பத்தொன்று; தொண்ணூற்று நாலோடு கூட்டினால் நூற்று நாற்பத்தைந்து. மகனிடம் சொன்ன எண் அல்ல. தீபாவளிக்கு வந்தால் அந்த இருபதையும் சொல்லி, பொய் சொன்னதையும் ஒத்துக்கொண்டுவிடவேண்டியதுதான். நூற்றுக்கு மேலே இருக்கிறது, அது போதும். "இருபது" என்றார். வரதராசன் அங்கேயே ஒரு தாளில் பன்னிரண்டாவது ஷரத்து எழுதினார், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஷகிலா பானு போடுவதற்கு முன் முழுக்கப் படித்தாள். சென்னியப்பனும் படித்தார், திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"இன்னைலேர்ந்து நடப்புங்களா, நாளைலேர்ந்தா?" என்று அவள் கேட்டாள். "இன்னைலேர்ந்துதான். காலைல எனக்கு எடுத்ததுலேர்ந்து கணக்கு. பத்து" என்றார். "அஞ்சு தாள்தானுங்களே?" "தாள் கணக்கில்லீங்க அம்மணி, பக்கம்தான் கணக்கு." அவள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். "அதுக்கப்பறம் எடுத்தது?" "கரண்டு பன்னண்டுக்குப் போனது இப்பத்தானுங்க வந்துது. ஒண்ணும் எடுக்கலைங்க." அவருடைய மெஷின் செத்துக் கிடந்ததால் புதிய ஷரத்தின் ஐந்து நகலும் அவள் கடையிலேயே எடுக்கவேண்டி வந்தது, ஆக பதினைந்து. அவள் எடுக்கும்போது சென்னியப்பன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மூச்சையும் எண்ணினார். சுவர் வழியாகக் கேட்டதைவிடக் கிட்டத்தில் அது சின்னச் சத்தம். நாலே கால் மணிக்கு ஒரு அம்மாள் ரேஷன் கார்டுக்கு முகவரி மாற்ற வந்து, ஆதாருக்கு முன்னும் பின்னும் நகல் வேண்டும் என்றார். ஷகிலா பானு சென்னியப்பனைப் பார்த்தாள். சென்னியப்பன் தலையை ஆட்டினார். சர்ர்ர், சர்ர்ர். தன் கடைக்கு வந்து, ஸ்டூலை அதன் இடத்தில் போட்டு, செத்த மெஷினுக்குத் துணியைப் போர்த்தினார். நோட்டில் இன்றைய பக்கத்தில் தன் கணக்கைக் காலை பதினோரு மணியோடு முடித்துக் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே, முதல் தடவையாக, ஐந்தாம் நம்பர் என்று ஒரு தலைப்பு எழுதினார். இருபது. போனது பதினேழு. சுவர்ப் பக்கம் காதைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, மிச்சம் என்று எழுதி, அதன் எதிரே எழுதினார்: மூன்று.